தயாரிப்பு: அ. காளிராஜன், பி.எம்.பி.

தம்பி, அந்த லேப்டாப் பையை எம்புட்டு நேரம் மடியிலயே வச்சுக்கிட்டு இருப்பீங்க? மேல வைங்க. விழாது, நான் பாத்துக்கிடுறேன். ஐ.டி.தானே? பையைப் பாத்தாலே தெரியுதே. சிவகாசிக்குக் கல்யாணத்துக்கா? நல்லது, நல்லது. தை பொறந்துட்டா மதுரையில ஏறுற பாதிப் பேரு கல்யாணத்துக்குத்தான் வருவாங்க.

ஒண்ணு கேக்கணும். உங்க கம்பெனியில பேருக்குப் பின்னால பி.எம்.பி.ன்னு போட்டுக்கிடுற ஆளுக இருக்காங்களா? ப்ராஜெக்ட் மேனேஜருக்குன்னு ஒரு பரீட்சை எழுதி வாங்குவாங்களே, அது. இருக்காங்கள்ல? நானும் பி.எம்.பி.தான். சிரிக்காதீங்க. இன்னைக்கு மத்தியானத்துல இருந்து நான் பி.எம்.பி. ஆனா ஊருக்குள்ள நான் ஆடி மாசத்துல இருந்தே பி.எம்.பி. அங்கதான் தம்பி பிரச்சனை.

பேரு காளிராஜன். சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ஸுல மேனேஜர். காலேஜ் முடிச்ச கையோட வந்தவன், இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. முதலாளியை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். அந்த அண்ணாச்சி எனக்குப் பண்ணுன வேலையைச் சொல்றேன் கேளுங்க. நீங்க வெளியூரு, படிச்ச ஆளு. ஞாயத்தைச் சொல்லுங்க.

இது ஆரம்பிச்சது எங்க சகலை வீட்டுல. அவன் பேரு ராஜசெல்வம், சென்னையில ஐ.டி. கம்பெனி. போன வருஷத்துக்கு முந்துன ஐப்பசியில புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சுனான். போயிருந்தோம். அவன்கூட வேலை பாக்குற ஆளுகளைக் கூட்டிட்டு வந்து எனக்கு அறிமுகம் பண்றான். எப்படிங்கிறீங்க? "இவரு எங்க சகலை. சிவகாசியில காலண்டர் அடிக்கிறாரு." அடிக்கிறாராம். நான் என்ன ஆணியா அடிக்கிறேன்? அதுல ஒரு பொண்ணு, "ஓ, சூப்பர் அங்கிள்"ன்னு சொல்லிட்டு எங்கிட்ட காலி காபி டம்ளரைக் குடுத்துட்டுப் போகுது தம்பி. நானும் வாங்கிக்கிட்டு நிக்கிறேன்.

பெறகு அவன் பால்கனியில நின்னு போன் பேசுனான். நான் பக்கத்துலதான் நிக்கிறேன். "ஸ்டேட்டஸ் என்ன? எப்ப முடியும்? யாரு பொறுப்பு? ஏன் லேட்டு? சரி, நாளைக்குப் பேசுவோம்." அம்புட்டுத்தான். போனை வச்சுட்டு உஸ்ஸுன்னு நெத்தியைத் தொடைக்கிறான். "ப்ராஜெக்ட் மேனேஜர் பொழப்புன்னா சும்மா இல்ல அண்ணே"ங்கிறான்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் என்ன வேலை பாக்குறேன்? பேப்பர் வரணும். பஞ்சாங்கம் கணிக்கிறவரு நாள் நட்சத்திரம் எழுதித் தரணும், அவரு எப்பவும் தர மாட்டாரு. நகைக்கடைக்காரருக்கு லட்சுமி, உரக்கடைக்காரருக்கு விவசாயி, கசாப்புக்கடை பாய்க்கு மக்கா, சர்ச்சுக்கு மாதா. ஒருத்தருக்குப் போறது இன்னொருத்தருக்குப் போயிரக் கூடாது. ஒரு தடவை உரக்கடைக்கு மாதா போயி, நான் நேர்ல போயி நின்னேன். இதெல்லாம் டிசம்பருக்குள்ள முடிச்சு, மேல தகரப்பட்டை அடிச்சு, கட்டுக் கட்டி, லாரி ஏத்தணும். ஜனவரி பொறந்த பெறகு காலண்டரை எவன் வாங்குவான்? எங்க சகலை தேதி தள்ளிப் போச்சுன்னா இன்னொரு மீட்டிங் போடுவான். நான் தேதி தள்ளிப் போச்சுன்னா அம்புட்டையும் எடைக்குப் போடணும். அவனுக்குப் பேரு ப்ராஜெக்ட் மேனேஜர். எனக்குப் பேரு காலண்டர் அடிக்கிறவரு.

ஊருக்கு வந்ததும் முடிவு பண்ணிட்டேன். இந்தப் பொழப்பே வேண்டாம், அதே பரீட்சையை எழுதி அதே சென்னைக்குப் போவோம்னு. எங்க வீட்டுல, தங்கபுஷ்பம், "நாப்பத்தி மூணு வயசுல என்ன பரீட்சை"ன்னா. "நீ சும்மா இரு"ன்னேன். அவளும் சும்மா இருந்துட்டா. அதுலயும் எனக்குக் கோவம்தான். அந்தச் சகலை இவ தங்கச்சி புருஷன்தானே, அவனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

ஆன்லைன் கிளாஸ்ல சேந்தேன். வித்யா மேடம்னு ஒரு அம்மா எடுத்தாங்க. நல்ல அம்மாதான், ஆனா மொத நாளே என்கூடச் சண்டை. ப்ராஜெக்ட்டுன்னா அதுக்கு ஆரம்பம் முடிவு இருக்கணும், அது புதுசா இருக்கணும். திரும்பத் திரும்பச் செய்யிறது ப்ராஜெக்ட் கிடையாது, அது அன்றாட வேலைன்னாங்க. எல்லாரும் அவங்கவங்க ப்ராஜெக்டைச் சொன்னாங்க. நான் காலண்டருன்னேன். "சார், காலண்டர் வருஷா வருஷம் பண்றீங்கள்ல? அது ப்ராஜெக்ட்ல வராது"ங்கிறாங்க.

"மேடம், ஒவ்வொரு வருஷமும் வேற காலண்டரு"ன்னேன்.

"இல்ல சார், தேதிதானே மாறுது?"

தேதிதானே மாறுதாம்! காலண்டர்ல தேதியைத் தவிர வேற என்ன தம்பி இருக்கு? கிளாஸே சிரிக்குது. நான் கேமராவை அமத்திட்டு உக்காந்திருந்தேன்.

சரி, அந்தம்மாவே வழி சொன்னாங்க. "வேற ஏதாவது புதுசா, ஒரே ஒரு தடவை பண்ணுனது இருக்கா?" இருந்துச்சு. பழைய பிரஸ்ஸை ஊருக்குள்ள இருந்து திருத்தங்கல் ரோட்டுக்கு மாத்துனோம். புதுக் கட்டடம், ஜெர்மனியில இருந்து நாலு கலர் மெஷினு, கரண்டு, தீயணைப்பு லைசென்ஸு, எல்லாம். ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. அண்ணாச்சி அப்போ ஆஸ்பத்திரியில, நெஞ்சுல ஆபரேசன். தரை போட்டதுல இருந்து மெஷினை எறக்குனது வரைக்கும் நான்தான். அதையும், அதுக்கப்புறம் பெரிய பெரிய கடைகளுக்குத் தனியாப் பண்ணிக் குடுத்த வேலைகளையும் சேத்து எழுதி அப்ளிகேசன் போட்டேன்.

போட்டா, வந்துச்சு பாருங்க ஆப்பு. உங்க அப்ளிகேசனை ஆடிட்டுக்கு எடுத்திருக்கோம்னு. குலுக்கல் மாதிரி சில பேரைத்தான் எடுப்பாங்களாம். அந்தச் சில பேருல நான். நீங்க அந்த வேலையைப் பாத்தீங்கன்னு உங்க முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்.

யோசிச்சுப் பாருங்க. நான் யாரை விட்டுப் போறதுக்காக இந்தச் சர்டிபிகேட்டை வாங்குறேனோ, அந்த மனுஷன்கிட்டயே கையெழுத்து வாங்கணும். இது என்ன ஞாயம்? தாலி கட்டப் போறவன்கிட்ட, அந்தப் பொண்ணை நான் கூட்டிட்டு ஓடப் போறேன், இதுல கையெழுத்துப் போடுங்கன்னு கேக்குற மாதிரி.

பொய் சொன்னேன். சொல்லாம என்ன பண்றது? "அண்ணாச்சி, இது வெளிநாட்டுச் சர்டிபிகேட்டு. நம்ம பிரஸ்ஸுக்கு ஒரு மதிப்பு. ஆபீஸ் சுவத்துல மாட்டுனா பெரிய பார்ட்டிக வரும்"னேன். கையெழுத்துப் போட வேண்டிய தாளையும் நானே இங்கிலீஷ்ல அடிச்சுக் கொண்டு போனேன். அண்ணாச்சி மனசு குளிரட்டும்னு, 'முதலாளியின் மேற்பார்வையில்'ன்னு மொத வரியிலயே போட்டிருந்தேன்.

அவரு எதையும் படிக்காம கையெழுத்துப் போட மாட்டாரு. பூதக்கண்ணாடியை எடுத்துக்கிட்டு, ப்ரூஃப் பாக்குற மாதிரி, காலையில உக்காந்தவரு மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எந்திரிச்சாரு. அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தாலே கண்டுபிடிக்கிற மனுஷன். கடைசியில அந்த மொத வரியை அடிச்சாரு. "எங்கடா மேற்பார்வை பாத்தேன்? நான் ஆஸ்பத்திரியில மூக்குல டியூபோட கெடந்தேன். நீ செஞ்சதை நீ செஞ்சேன்னு எழுது. திரும்ப அடிச்சுட்டு வா"ன்னாரு.

பாத்தீங்களா? ஒரு குத்தம் கண்டுபிடிக்காம ஒரு தாளை விட மாட்டாரு அந்த மனுஷன். திரும்ப டைப் அடிச்சேன்.

கையெழுத்துப் போடும்போது ஒண்ணு கேட்டாரு. "காளி, இந்தச் சர்டிபிகேட்டு சுவத்துலயே இருக்குமா, இல்ல நீ போற எடத்துக்கெல்லாம் கூட வருமா?"

"சுவத்துலதான் அண்ணாச்சி இருக்கும்."

"ம்"னாரு. போட்டுக் குடுத்துட்டாரு. அப்பாடான்னு வந்தேன். இங்கிலீஷ் அரைகுறையாத் தெரிஞ்ச மனுஷன், எளிதா ஏமாந்துட்டாருன்னு நெனச்சேன்.

ஆனா அவரு எமகாதகன் தம்பி. ஆடிப் பெருக்கு அன்னைக்குக் காட்டுனாரு பாருங்க.

எங்க ஊருல ஆடிப் பதினெட்டுக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம். பூஜை போட்டு, எல்லா மாதிரியையும் ஒரே கட்டா ஏஜெண்டுகளுக்குக் குடுப்போம். அவங்க அதைத் தூக்கிக்கிட்டுத்தான் ஊரு ஊராப் போயி ஆர்டர் பிடிப்பாங்க. அன்னைக்கே பிரஸ்ஸோட சொந்தக் காலண்டரும் வெளியாகும், எல்லாருக்கும் இனாமாக் குடுக்கிறது. அதுல வருஷா வருஷம் முருகன் படம், கீழே பிரஸ் பேரு, அண்ணாச்சியோட அப்பா பேரு. வேற ஒரு பேரு ஏறுனது கிடையாது. அண்ணாச்சி பேரே ஏறுனது கிடையாது. அந்தக் காலண்டரை மட்டும் இந்த வருஷம் அவரே பாத்துக்கிடுறேன்னு சொல்லிட்டாரு. எனக்கு ஆல்பம் வேலையே கழுத்து வரைக்கும். நான் கண்டுக்கலை.

பூஜை முடிஞ்சுச்சு. ஏஜெண்டுக எல்லாம் உக்காந்திருக்காங்க, திருநெல்வேலியில இருந்து திருவள்ளூர் வரைக்கும். அண்ணாச்சி எந்திரிச்சு, "நம்ம காளி அமெரிக்காப் பட்டம் வாங்குறான்"னாரு. கைதட்டு. அந்தக் காலண்டரை விரிச்சுக் காட்டுனாரு. முருகனுக்குக் கீழே, அவுக அப்பா பேருக்கு நேர் கீழே, கட்டம் கட்டி, தங்க ஃபாயில் எழுத்துல: தயாரிப்பு, அ. காளிராஜன், பி.எம்.பி.

நான் அப்போ பரீட்சையே எழுதலை தம்பி! பரீட்சை நவம்பர்ல!

ஏஜெண்டுக வந்து கை குடுக்குறாங்க. "இன்னும் பாஸாகலை"ன்னு அந்தக் கூட்டத்துல எப்படிச் சொல்றது? தனியாப் பிடிச்சுக் கேட்டேன். "என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க, நான் இன்னும் எழுதவே இல்லையே." அவரு சந்தனத்தைக் கையில தேச்சுக்கிட்டே சொல்றாரு: "எழுதிருவேல்ல. நீ எந்தத் தேதியைத் தவற விட்டிருக்க?"

அம்புட்டும் அச்சாகி, கட்டி, அடுக்கியாச்சு. எடைக்குப் போடுங்கன்னு சொல்ல முடியுமா? முருகன் படம். மேடத்துக்கிட்டக் கேட்டா அவங்க பதறுறாங்க. பாஸாகாம அந்த மூணு எழுத்தைப் போடக் கூடாதாம், விதிமீறலாம், தெரிஞ்சா பரீட்சையே எழுத விடாமப் பண்ணிருவாங்களாம். "சார், அதை யாரும் பாக்காமப் பாத்துக்கங்க"ங்கிறாங்க. யாரும் பாக்காமயா? காலண்டரையா?

எனக்கு அன்னைக்கே புரிஞ்சு போச்சு. இது திட்டம் தம்பி. நான் போகப் போறேன்னு எப்படியோ மோப்பம் பிடிச்சிருக்காரு. தமிழ்நாடு முழுக்க என் பேரை அவரு பிரஸ் பேரோட சேத்து ஆணி அடிச்சு மாட்டிட்டாருன்னா நான் எங்க போவேன்? போனா, பட்டம் வாங்கிக் குடுத்த முதலாளியை விட்டுட்டு ஓடுனவன்னு ஊரு பேசும். இருந்தா, சாகுற வரைக்கும் காலண்டர் அடிக்கிறவன். நல்லா யோசிச்சுச் செஞ்சிருக்காரு.

ஊருல என்னைப் படுத்துன பாடு இருக்கே. டீக்கடையில "பி.எம்.பி.க்கு ஒரு ஸ்ட்ராங்கு"ங்கிறான். எதிர் வீட்டம்மா மூட்டு வலின்னு காலை நீட்டுறாங்க, டாக்டர் பட்டம்னு நெனச்சுக்கிட்டு. எங்க அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையில, தாய்மாமன் எம்.எஸ்ஸி.க்கு மேல, சித்தப்பா காளிராஜன் பி.எம்.பி.ன்னு போட்டுட்டாங்க. தாய்மாமனுக்குக் கோவம், பேச்சுவார்த்தை இல்ல. அப்படி அடிச்சது எங்க பிரஸ்ஸும் இல்ல. கேட்டா, "காலண்டர்லயே போட்டிருக்கே"ங்கிறான். காலண்டர்ல போட்டா அது வேத வாக்கு. அமாவாசையே நாங்க போட்டாத்தானே அமாவாசை.

புரட்டாசி, ஐப்பசி எங்களுக்கு உசிரு போற சீசன். அதுல படிக்கணும். அங்கயும் அவரு விடலை. மெஷின் ரூம் பக்கம் போனா, "நீ ஏன் இங்க நிக்கிற? மாரிமுத்து பாத்துக்கிடுவான்"ங்கிறாரு. மாரிமுத்து எனக்குக் கீழ வேலை பழகுற பையன். அவுக அப்பா உக்காந்திருந்த ரூமு, அவரு செத்ததுல இருந்து பூட்டியே கெடந்தது. அதைத் தொறந்து, ஒரு ஃபேனை மாட்டி, "சாயந்தரமானா இங்க உக்காந்து படி"ன்னு என்னை உள்ள தள்ளிட்டாரு. யாரும் கதவைத் தட்டக் கூடாதுன்னு உத்தரவு. நான் பாத்த வேலையை என் கண்ணு முன்னாலயே இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டு என்னை ஓரங்கட்டுறாரு. எனக்கு எப்படி இருக்கும்?

பரீட்சை அன்னைக்கு மாரிமுத்துவுக்குக் காய்ச்சல். நான் லீவு கேக்கத் தயங்கிக்கிட்டு நின்னா, "நீ கெளம்பு, சாப்பிட்டுட்டுப் போ"ன்னுட்டு, அவரே லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மெஷின் முன்னால நின்னுட்டாரு. நெஞ்சுல ஆபரேசன் பண்ணுன மனுஷன். ஏன், வேற ஆளை நிறுத்த மாட்டாரா? யார் மேலயும் நம்பிக்கை கிடையாது. அந்த நெனப்புலயே போனேன், பரீட்சை எப்படி ஓடும்?

அந்தக் கேள்விகளைக் கேளுங்க தம்பி, உங்களுக்கே கோவம் வரும். ஒரு சப்ளையர் சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்பலை, ப்ராஜெக்ட் மேனேஜர் மொதல்ல என்ன செய்யணும்? நாலு பதில் குடுத்திருக்கான். எனக்குத் தெரியாதா? நேரா அவன் குடோனுக்குப் போகணும், சரக்கு ஏத்துற வரைக்கும் வாசல்லயே உக்காரணும். அப்படி ஒரு பதிலே இல்ல! அதுக்குக் கிட்ட வந்த ஒண்ணைத் தட்டி விட்டேன். சரியான பதில் என்னன்னா, முன்னாடியே எழுதி வச்ச திட்டத்தை எடுத்துப் பாக்கணுமாம். உங்க ஆளு ஒருத்தன் ஒழுங்கா வேலை செய்யலை, என்ன செய்யணும்? நாலு வார்த்தை திட்டணும், வையணும். அதுவும் இல்ல. தனியாக் கூப்பிட்டு, அவன் மனசுல என்ன இருக்குன்னு கேக்கணுமாம். எவன் தம்பி அப்படிக் கேப்பான்? இருபத்திரெண்டு வருஷத்துல எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்ல.

ஃபெயிலு. கம்ப்யூட்டர்லயே அங்கனயே காட்டிருது. பஸ் ஏறி வந்தேன். ஊருக்குள்ள நுழைஞ்சா எல்லாக் கடையிலயும் அடுத்த வருஷக் காலண்டர் தொங்குது. தங்க எழுத்துல நான். வெயில்ல மின்னுறேன். தம்பி, அன்னைக்கு எனக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு, பொய் சொல்லலை.

அண்ணாச்சி ஒண்ணும் கேக்கலை. நானா, "ரிசல்ட்டு வர லேட்டாகும்"னேன். "சரி"ன்னுட்டுப் போயிட்டாரு. தங்கபுஷ்பத்துக்கிட்ட மட்டும் சொன்னேன். "திரும்ப எழுதுங்க"ன்னா. அம்புட்டுத்தான் சொன்னா.

இதுக்கு நடுவுல சகலை ஒரு வேலை பாத்து வச்சுட்டான். அவன் கம்பெனி இல்ல, தெரிஞ்ச கம்பெனி. போன்லயே இன்டர்வியூ. நான் பிரஸ்ஸு மாத்துன கதையைச் சொன்னேன், அசந்துட்டாங்க. சர்டிபிகேட்டு கைக்கு வந்ததும் சேந்துக்கலாம், இந்த மாசக் கடைசிக்குள்ள வேணும்னாங்க. அதான் இன்னைக்கு மதுரையில ரெண்டாவது தடவை எழுதுனேன். இந்தத் தடவை சரியான பதிலுன்னு எனக்குத் தோணுன எதையும் நான் தொடலை. எந்தப் பதிலைப் பாத்து எனக்குக் கோவம் வந்துச்சோ, அதைத் தட்டி விட்டேன். பாஸு.

அண்ணாச்சிக்கிட்ட இன்னைக்கு என்ன சொல்லிட்டு வந்தேன்னு கேக்குறீங்களா? பல்லு வலி, மதுரையில டாக்டரைப் பாக்கணும்னேன். "பாத்துப் போ"ன்னாரு.

இப்போ சொல்லுங்க, நான் எப்படிப் போயி அவருகிட்டச் சொல்லுவேன்? பாஸ்னு சொன்னா, இம்புட்டு நாளா ஃபெயிலை மறைச்சது வெளிய வரும். சென்னைக்குப் போறேன்னா, சுவத்துல மாட்டுற சர்டிபிகேட்டுன்னு சொன்ன பொய்யி வரும். வாயைத் தொறக்க முடியாம என்னை அடைச்சு வச்சிருக்காரு. இதுக்குத்தான் அந்தக் காலண்டரை...

இருங்க, போன் அடிக்குது. அவருதான். சத்தம் போட்டுறாதீங்க.

சொல்லுங்க அண்ணாச்சி... பஸ்லதான்... விருதுநகர் தாண்டியாச்சு... பல்லா? பல்லு பரவாயில்ல... என்னது?... ஆமா... ஆமா அண்ணாச்சி. பாஸு... இப்பத்தான் மத்தியானம்... எப்பத்துல இருந்து தெரியும்?... ... அதெல்லாம் இல்ல அண்ணாச்சி, அது சும்மா சகலை ஒரு பேச்சுக்கு... ... ... ம்... ம்... சரி... சரி அண்ணாச்சி. வைக்கிறேன்.

ஒண்ணுமில்ல தம்பி. ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க. காத்து வரட்டும்.

என்ன சொன்னாருங்கிறீங்களா? நான் ஃபெயிலானது நவம்பர்லயே தெரியுமாம். "நீ பாஸாகி வந்திருந்தா அன்னைக்கு மெஷின் ரூம்ல நாலு பேரை வைஞ்சிருப்ப. அன்னைக்கு நீ யாரையும் வையலை. அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன்"ங்கிறாரு. இன்னைக்குப் பல்லு வலி இல்ல, பரீட்சைன்னும் தெரியுமாம். சென்னைக்குப் போறதும் தெரியுமாம். என்னைக்குத் தெரியும்னு கேட்டா, கையெழுத்துப் போட்ட அன்னைக்கேவாம். அந்தத் தாளை அரை நாளு படிச்சாரே, "பட்டம் பிரஸ்ஸுக்கு இல்ல, உனக்குத்தான்னு அதுலயே எழுதியிருந்துச்சே காளி"ங்கிறாரு.

பெறகு ஏன் அண்ணாச்சி காலண்டர்ல போட்டீங்கன்னு நான் கேக்கலை. அவரே சொல்றாரு. "இருபத்திரெண்டு வருஷம் எம்புட்டோ காலண்டர் பண்ணுன. எதுலயும் உன் பேரு இல்ல. போற எடத்துல, நீ என்னடா பண்ணுனன்னு கேட்டா எதைக் காட்டுவ? அதான் அச்சுல ஏத்தி வச்சேன். ரெண்டு கட்டு எடுத்துக்கிட்டுப் போ." அப்படிச் சொல்லிட்டு, "சென்னையில எப்ப வரச் சொல்றாங்க? முன்கூட்டியே சொல்லிரு. மாரிமுத்துவை இன்னும் கொஞ்சம் பழக்கணும்"ங்கிறாரு.

பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா இந்த அநியாயத்தை? நான் என்னைக் கட்டிப் போட்டுட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். அந்த மனுஷன் கையெழுத்துப் போட்ட ஆனி மாசத்துல இருந்து என்னை அனுப்பி வைக்கிறதுக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்காரு! மாரிமுத்துவை மெஷின்ல நிறுத்துனது அதுக்கு. ரூமைத் தொறந்து விட்டது அதுக்கு. எல்லாம் கணக்காப் போட்டு, எனக்கே தெரியாம, என்னை வெளிய அனுப்ப ஏற்பாடு பண்ணியிருக்காரு.

ஒரு வார்த்தை தம்பி. "இருடா காளி, போகாத"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய் தேஞ்சிருமா? மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். சண்டை போட்டுட்டுத்தான் போயிருப்பேன். ஆனா அவரு சொல்லணும்ல? இருபத்திரெண்டு வருஷம். ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கட்டடத்தைக் கட்டி முடிச்சுச் சாவியைக் கையில குடுத்தவன் நான். எப்ப கெளம்புறன்னு கேக்குறாரு, லாரி எப்ப கெளம்புதுன்னு கேக்குற மாதிரி.

இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரியாது. நீங்க ஐ.டி. ஆளுக, ரெண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறுறவங்க.

கண்டக்டர்! இந்தா, பிரஸ் ஸ்டாப்புல நிறுத்துங்க. ஆமா, திருத்தங்கல் ரோட்டுலதான். எனக்கு டிக்கெட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருக்கு, வீடு அங்கதான். வீட்டுக்கு அப்புறமாப் போய்க்கிடுறேன். தங்கபுஷ்பத்துக்குக்கூட இன்னும் சொல்லலை. மொதல்ல இந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா நின்னு, என்னைப் போன்னு எப்படி நீங்க சொல்லலாம்னு கேக்கணும்.

கொஞ்சம் காலை எடுங்க தம்பி, எறங்கிக்கிடுறேன்.